எடுத்த படத்தை வரைந்த படம் என்கிறார்கள்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டையே சொல்கின்றன: ஒளிப்படங்களை வாங்கி விற்கும் ஸ்டொக் தளத்துக்கு அனுப்பிய உண்மையான ஒளிப்படம், செயற்கை நுண்ணறிவால் (ஏஐ) உருவாக்கப்பட்டது என்ற காரணத்துடன் திரும்பி வந்திருக்கிறது.

முல்லைத்தீவு வாசகர்: கரைவலை இழுக்கும் காட்சியைக் கைத்தொலைபேசியில் எடுத்து, வாட்ஸ்அப் மூலம் மடிக்கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து தளத்தில் ஏற்றினேன். நிராகரித்துவிட்டார்கள். படம் உண்மையானது என்பதற்கு நானே சாட்சி.

பதில்: நீங்கள் சாட்சி என்பது தளத்தில் படங்களைப் பார்த்து முடிவுசெய்யும் பரிசோதகருக்கு எப்படித் தெரியும்? கோப்பு சொல்லியிருக்க வேண்டிய சாட்சியத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எந்தக் கமரா, எந்த நேரம், எந்த ஷட்டர் வேகம் என்ற எக்ஸிஃப் விவரங்கள் யாவும் நீங்கிவிடும். படமும் நசுங்கிச் சிறுத்துவிடும். கேபிளைச் செருகி மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

கிளிநொச்சி வாசகர்: நிராகரித்த படத்தை மறுபடியும் ஏற்றலாமா? மூன்று தடவை முயன்றுவிட்டேன்.

பதில்: அதே கோப்பை நான்காம் தடவை ஏற்றினால் கணக்கே முடங்கக்கூடும். உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். ரோ கோப்பையும் (கமரா பதிந்த, திருத்தப்படாத மூலக் கோப்பு), அதே இடத்தில் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு மூன்று படங்களையும் காட்ட ஆயத்தமாக இருங்கள். ஒரு படத்தில் வயல் வரம்பில் நிற்கும் கொக்கு அடுத்த படத்தில் சிறகு விரித்திருப்பதைக் காட்டினால், அதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

புதுக்குடியிருப்பு வாசகர்: அம்மம்மா ஓலைப்பாய் இழைக்கும் படம். ரோவில் எடுத்தேன், எக்ஸிஃப் விவரங்களும் இருக்கின்றன. வெளிச்சம் குறைவாக இருந்ததால் நொய்ஸை (படத்தில் விழும் புள்ளிகளை) நீக்கி, ஒரு செயலியில் நான்கு மடங்கு பெருப்பித்து அனுப்பினேன். இதை ஏன் நிராகரித்தார்கள்?

பதில்: இரண்டு கோப்புகளையும் அனுப்பியமைக்கு நன்றி. தளத்துக்கு அனுப்பிய கோப்பை 200 சதவீதத்தில் பார்த்தேன். அம்மம்மாவின் வலக்கைப் பெருவிரலுக்கு அருகே ஓர் ஓலை அடியால் நுழைகிறது. மறுபக்கத்தில் அது வெளியே வரவில்லை. அதற்கடுத்த ஓலை நடுவழியில் இரண்டாகப் பிரிகிறது. பெருவிரல் நகம் ஓலையின் நிறத்தில் கரைந்திருக்கிறது. புறங்கை நரம்புகள் மெழுகு பூசியதுபோல் மழுங்கியிருக்கின்றன. ரோ கோப்பில் அதே இடத்தைப் பார்த்தால், புள்ளி புள்ளியாக நொய்ஸ் தெரிகிறதே தவிர, ஓலை ஒவ்வொன்றும் நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்து வர வேண்டிய இடத்தில் வருகிறது. அம்மம்மா சரியாக இழைத்த பாயைச் செயலி பிழையாக இழைத்திருக்கிறது.

பெருப்பிக்கும் செயலி இல்லாத பிக்சலை எங்கிருந்து கொண்டுவரும்? தான் பார்த்துப் பழகிய இலட்சக்கணக்கான படங்களை வைத்து ஊகித்துத்தான் நிரப்பும். அது பழகிய படங்களில் பனையோலைப் பாய் எத்தனை இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே அந்த இடத்தைப் பொறுத்தவரை பரிசோதகர் சொன்னது பிழையன்று. 24 மெகாபிக்சல் கமராவை வைத்திருப்பவர், குறைந்தது 4 மெகாபிக்சல் போதும் என்று கேட்கும் தளங்களுக்கு எதற்காகப் பெருப்பிக்கிறார்? கலியாண வீட்டு அல்பத்துக்கு முகத்தை வழவழப்பாக்கிப் பழகிய கை, ஸ்டொக் படத்திலும் சும்மா இருப்பதில்லை. நொய்ஸ் குற்றமன்று, நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறேன், எவரும் கேட்பதாக இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வவுனிக்குளத்தில் விடியற்காலை மூடுபனிக்குள் நிற்கும் பட்டமரங்களை எடுத்து, வெளிச்சத்தை மட்டும் சிறிது திருத்தி அனுப்பிய எனது படமும் இதே காரணத்துடன் திரும்பி வந்தது. பனி தானாகவே நுணுக்கங்களை மறைத்துவிடுவதால், வழவழப்பைக் கண்டு சந்தேகித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், ஏனென்றால் வந்தது ஒற்றை வரி. எந்த இடம் சந்தேகத்துக்குரியது என்று ஒரு சொல்லாவது எழுதியிருந்தால், விடியமுன் எழும்பிக் குளக்கட்டில் நுளம்புக்கடி பட்டவனுக்கு அது மரியாதையாக இருந்திருக்கும். ரோ கோப்பு இருந்தபடியால், ஏறத்தாழ மூன்று வாரத்தின் பின் அதே படம் ஏற்கப்பட்டது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள் என்று நான் அலுப்புத் தட்டும்வரை சொல்வது இதனால்தான்.

வவுனியா வாசகர்: கண்டறியும் இணையக் கருவியொன்று எனது படம் 80 சதவீதம் ஏஐ என்றும், இன்னொன்று 5 சதவீதம் என்றும் சொல்கின்றன. இரண்டாவதை ஆதாரமாக இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே படத்துக்கு இரண்டு விதமாகச் சொல்லும் கருவிகளில் உங்களுக்கு வாய்ப்பானதைப் பொறுக்கியெடுப்பது ஆதாரமாகாது.

மன்னார் வாசகர்: வங்காலையில் எடுத்த பூநாரைப் படத்தை நம்புகிறார்கள் இல்லை. ஏஐ படங்களை ஏற்கும் தளத்தில், ஏஐ என்ற கட்டத்தில் அடையாளமிட்டு அனுப்பினால் என்ன?

பதில்: பொய் சொல்வதாகும். அடொபி ஸ்டொக் 2022 டிசம்பரிலிருந்து அத்தகைய படங்களை அடையாளத்துடன் ஏற்கிறது என்பது உண்மை; ஆனால் வாங்குபவர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேட முடியும் என்பதால், உங்கள் உண்மையான பூநாரை அவர்களுடைய கண்ணிலேயே படாமல் போகும். கெட்டி இமேஜஸ் என்ற தளம் 2022 செப்டெம்பரிலேயே அவற்றைத் தடுத்துவிட்டது. தற்செயலாக, உங்கள் கேள்விக்கு ஒரு பூநாரையே முன்னுதாரணம்: 2024இல் மைல்ஸ் அஸ்ட்ரே என்ற ஒளிப்படக் கலைஞர், தலை மறைந்திருந்த பூநாரையின் உண்மையான படத்தை ஒரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு வேண்டுமென்றே அனுப்பிப் பரிசும் பெற்றார், உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கப்பட்டார். அவர் ஒரு கருத்தை நிறுவுவதற்காகச் செய்தார். நீங்கள் படம் விற்க வேண்டியவர்.

மாங்குளம் வாசகர்: வானத்தில் குறுக்கே போன மின்கம்பியை மட்டும், அழித்த இடத்தை ஏஐயால் நிரப்பும் ஜெனரேட்டிவ் கருவியால் அழித்தேன். அதுவும் ஏஐ ஆகுமா?

பதில்: அப்படிக் கருதப்படக்கூடும். அழித்த செய்தி மெட்டாடேட்டாவில், அதாவது கோப்புக்குள் இருக்கும் விவரங்களில், பதிந்துவிடக்கூடும். 2024இல் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் இப்படிச் சிறிது திருத்திய உண்மைப் படங்களிலும் ‘ஏஐயால் உருவாக்கப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்தி, ஒளிப்படக்காரரின் எதிர்ப்புக்குப் பின் அதன் வாசகத்தை மாற்றியது. படத்தின் ஓரிடத்தை இன்னோரிடத்தில் நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்பால் கம்பியை அழியுங்கள். ஐந்து நிமிட வேலை. அல்லது நாலடி தள்ளி நின்று எடுங்கள்.

இன்னொரு வவுனியா வாசகர்: படத்தின் பிறப்பைக் கமராவே கையொப்பமிட்டு உறுதிப்படுத்துமாமே, வாங்கலாமா?

பதில்: அவ்வசதியுடன் 2023இல் முதலில் வந்த லைக்கா எம்11-பி 9,000 டொலரைத் தாண்டியது. ஸ்டொக் வருமானத்தில் அதை மீட்க உங்கள் பேரப்பிள்ளைகளும் உழைக்க வேண்டும். ரோவில் எடுத்து, இரண்டு ஹாட் டிஸ்க்கில் சேமியுங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகர்: எனது 12 படங்களையும் நிராகரித்துவிட்டார்கள். என்ன பிழை?

பதில்: படமும் இல்லை, எந்தத் தளம் என்றும் இல்லை, வந்த காரணத்தின் நகலும் இல்லை. சாத்திரம் பார்ப்பவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றிய கோப்புகளையும் மூலக் கோப்புகளையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.