குக்கீ மிக்ஸை ஜாடியில் அடுக்கிப் பரிசளிக்க ஆசை. ஆனால் அடுக்குகள் கலந்துவிடுகின்றன. என்ன செய்வது?

ஜாடியில் காலி இடம் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். 1 லிட்டர் ஜாடி, அகன்ற வாயோடு, ஈரமே இல்லாமல் இருக்கட்டும்.

ஒன்றேகால் கப் மைதாவில் அரை டீஸ்பூன் சமையல் சோடா, கால் டீஸ்பூன் உப்பு கலந்து முதலில் போடுங்கள். ஒரு சின்ன டம்ளரின் அடிப்பாகத்தால் நன்றாக அழுத்துங்கள். இதில் சோம்பல்பட்டால் மாவு மேலே ஏறி எல்லாவற்றையும் வெளுக்கடித்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய மாவை டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள். அப்புறம் அரை கப் வெள்ளைச் சர்க்கரை, அதன்மேல் அரை கப் பிரவுன் சுகர். பிரவுன் சுகரில் ஈரப்பசை இருப்பதால் அழுத்தினால் மூடிபோல இறுகி, கீழே உள்ளதை அசையவிடாது. சோடாவை ஈரம் தொடாமல் இருக்கத்தான் நடுவில் வெள்ளைச் சர்க்கரை. பிறகு முக்கால் கப் ஓட்ஸ். மிச்ச இடம் முழுக்க, மூடியைத் தொடும்வரை, சாக்லேட் சிப்ஸ். முந்திரியும் சேர்க்கலாம், வாங்குபவருக்கு ஒவ்வாமை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்முறை எழுதிய சீட்டை ஜாடியில் கட்ட மறக்காதீர்கள்: ஜாடியில் உள்ளதோடு உருகாத மென்மையான வெண்ணெய் 100 கிராம், முட்டை 1, வெனிலா 1 டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் சுட வேண்டும். ஒரு மாதத்துக்குள் சுட்டுவிட்டால் நல்லது. நாளானால் பிரவுன் சுகர் கல்லாகிவிடக்கூடும்.