‘நமது நிருபர்’ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். என் அப்பா 36 வருஷம் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தார். இப்போது 71 வயது. போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் எழுதுவதை நிறுத்தினார். பத்திரிகையாளர்களுக்குத் தேசிய அளவில் கொடுக்கிற வாழ்நாள் சாதனையாளர் விருது ஒன்றுக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள் என்று கூட வேலை பார்க்கிற டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படிவத்தைப் பார்த்தேன். பெயருடன் வெளியான கட்டுரைகளின் நகல், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், ஏற்கனவே வாங்கிய விருதுகளின் பட்டியல் எல்லாம் கேட்கிறார்கள். அப்பா எழுதிய எதிலுமே அவர் பெயர் கிடையாது, எல்லாம் ‘நமது நிருபர்’தான். வாங்கிய விருது என்றால் ஊர் நூலகத்தில் ஒரு தடவை போர்த்திய பொன்னாடை, அவ்வளவுதான். ‘ஏரியா நிருபருக்கெல்லாம் யாருக்கா விருது கொடுப்பாவ, சும்மா கெட’ என்கிறான் தம்பி. நீங்கள் பத்திரிகையில் இருந்தவர். ஒரு பரிந்துரைக் கடிதம் தர முடியுமா? கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்பாவுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

– ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பாவுக்குத் தெரியாமல் எழுதியிருப்பதால் உங்கள் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், பத்திரிகையின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த வட்டாரத்தில் 36 வருஷம் செய்தி அனுப்பியவர் யார் என்று ஊரில் தெரியாமலா இருக்கும், அடுத்த வாரத்துக்குள் டீக்கடையில் யாராவது அவரிடமே சொல்லிவிடுவார்கள். எதற்கும் தயாராக இருங்கள்.

கடிதம் தருகிறேன். கிடைக்குமா என்றால், கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள்.

ஏன் கிடைக்காது என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் அதில் என் கையும் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். (எந்த நாளிதழ் என்று கேட்காதீர்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.) சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பாபநாசம் பஸ், தென்காசி பஸ், வள்ளியூர் பஸ், சங்கரன்கோவில் பஸ் என்று ஒவ்வொன்றாக ஜங்ஷனுக்குள் நுழையும். டிரைவருக்கு முன்னால் கண்ணாடியோரம் ‘செய்தி – அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதிய பழுப்புக் கவர் சொருகியிருக்கும். அதை வாங்குவதற்கென்றே ஆபீஸ் பையன் ஒருவன் சைக்கிளில் நிற்பான். அவன் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் கவர் அதே பஸ்ஸில் திரும்ப ஊருக்கே போய்விடும், மறுநாள் அந்த ஊர்ச் செய்தி பேப்பரில் இருக்காது, ‘கோயில் கொடைச் செய்தியக் கூட போட முடியலியா’ என்று நிருபருக்குத்தான் ஏச்சு விழும். உங்கள் அப்பாவும் எத்தனையோ மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பார். நீங்கள் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கவர்களைப் பிரித்துத் திருத்தி, தலைப்பு வைத்து, மேலே ‘நமது நிருபர்’ என்று போடுகிற வேலை எனக்கு.

சம்பளம் என்று எதுவும் இல்லை பகுதிநேர நிருபர்களுக்கு. மாதக் கடைசியில், வெளியான செய்திகளை வெட்டி நீளத் தாளில் வரிசையாக ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, மொத்தம் இத்தனை சென்டிமீட்டர் என்று கூட்டி அனுப்ப வேண்டும். அதற்கு லைனேஜ் என்று பெயர். இங்கிலீஷில் பகுதிநேர நிருபரைச் சொல்கிற ஸ்டிரிங்கர் என்ற சொல்லே, வெட்டிய செய்திகளை அந்தக் காலத்தில் நூல் வைத்து அளந்ததால் வந்தது என்று எங்கள் ஆபீசில் சொல்வார்கள். அந்தத் தாள்கள் என் மேஜைக்கு வரும். தலைப்பு கணக்கில் சேராது, படம் சேராது, இரண்டு நிருபர் அனுப்பிய ஒரே செய்தி என்றால் பாதிதான் என்று நான் சிவப்புப் பேனாவால் குறைப்பேன். குறைத்து மிஞ்சுவது பஸ்ஸுக்கும் டீக்கும் காணாது. இப்போது யோசித்தால் இன்னொன்று உறைக்கிறது. அவர்கள் எழுதினார்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் ஒரே சாட்சி. அதையும் ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கு முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடுவோம். ‘பெயருடன் வெளியான கட்டுரைகளின் நகல்’ என்று படிவம் கேட்கும்போது உங்கள் வீட்டில் ஒன்றும் இல்லாததற்கு அப்பாவின் அசட்டை காரணமில்லை.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்குமோ என்னமோ. போன் எல்லாம் போய்விட்டது, பஸ் இல்லை, மேற்கேயிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தொப்பலாக நனைந்த ஒரு மனுஷர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பாதி தூரம் நடையும் பாதி தூரம் லாரியுமாக வந்தவர். எங்கள் பகுதிநேர நிருபர்தான், ஆனால் ஆளை அதுவரை நான் பார்த்ததே இல்லை, கையெழுத்து மட்டும்தான் பழக்கம். பால் கவருக்குள் நாலாக மடித்த மூன்று நோட்டுத் தாள்களை எடுத்துக் கொடுத்தார். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்தப் பாலத்துக்கு மேல் எத்தனை அடி தண்ணீர், செத்தவர்களின் பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் இருந்தன. ஒரு பெயரின் இனிஷியலை இரண்டு முறை அடித்துத் திருத்தி, ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தார்: ‘ரேஷன் கார்டைப் பார்த்தே எழுதியது, மாற்ற வேண்டாம்.’

மறுநாள் அது முதல் பக்கத்தில் வந்தது, வெளியூரிலிருந்து வந்திருந்த முழுநேர நிருபர் ஒருவரின் பெயரோடு. மேலிடத்தில் சொன்னார்கள், போட்டேன். அந்தப் பெயரை என் கையால்தான் எழுதி அச்சுக்கோக்கக் கொடுத்தேன். அந்த மனுஷர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதக் கடைசியில் லைனேஜ் தாளில் அந்தச் செய்தியையும் ஒட்டியிருந்தார், அளவு சரியாகத்தான் இருந்தது, நான் குறைக்கவில்லை. அதைத் தவிர வேறு எதுவும் நான் செய்யவும் இல்லை. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. உங்கள் அப்பாவுக்கு நான் தருகிற கடிதத்தில் இந்த மூன்று தாள்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உங்கள் அப்பாவின் எழுத்தை நான் திருத்தியதில்லை, அதனால் அவரைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் அடித்துவிட எனக்கு மனசில்லை.

சரி, விருதுக்கு வருகிறேன். பத்திரிகைகளைக் கண்காணிக்கிற பிரஸ் கவுன்சில் 1966 நவம்பர் 16 முதல் செயல்படத் தொடங்கியது, அந்த நாளைத்தான் தேசிய பத்திரிகை தினம் என்கிறார்கள். அது கொடுக்கிற பெரிய விருதுக்கு ராஜா ராம்மோகன் ராய் பெயர். 2018-இல் ‘தி இந்து’ நாளிதழின் என். ராம் வாங்கினார். பெயருக்குரிய ராம்மோகன் ராய் என்ன செய்தார் தெரியுமா? 1823-இல் பத்திரிகை நடத்த லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டதும், அப்படி வாங்கி நடத்த மாட்டேன் என்று தன் பாரசீகப் பத்திரிகையான ‘மிராத்-உல்-அக்பார்’ஐ நிறுத்தியே விட்டார். நம் மாநிலத்தில் கலைஞர் எழுதுகோல் விருது இருக்கிறது, 5 லட்சம் ரூபாய். முதல் விருது தினத்தந்தியில் வாழ்நாளெல்லாம் இருந்த ஐ. சண்முகநாதனுக்கு, அடுத்தது தொண்ணூறு வயதைத் தாண்டிய மதுரை வி.என். சாமிக்கு. இரண்டும் தகுந்த கைகளுக்குத்தான் போயின, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்களை எடுத்துப் பாருங்கள், ஆசிரியர், முதன்மை ஆசிரியர், தலைநகரில் இருந்தவர், பெயரோடு எழுதியவர் என்றுதான் பெரும்பாலும் போகும். நடுவர்களையும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் முன்னால் வருவது ஃபைல், ஃபைலில் இருப்பது பெயர்.

அரசாங்கம் கொடுத்தால் வாங்கலாமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. பத்திரிகையாளர் நிகில் சக்கரவர்த்தி 1990-இல் பத்மபூஷணை வேண்டாம் என்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத்தும் அரசு விருதுகளை மறுத்தவர், தான் எழுதி விமர்சிக்கிற அரசாங்கத்திடம் பத்திரிகைக்காரன் பரிசு வாங்கக்கூடாது என்பது அவர் கட்சி. சரியான கட்சி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் முதலில் யாராவது நீட்ட வேண்டுமே. உங்கள் அப்பாவுக்கு அந்தச் சங்கடம் இதுவரை வரவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. படிவத்தை அனுப்பினால் நடுவர் குழுவில் யாராவது ஒருவர் ‘கவர்’ வாங்காத ஆளா என்று விசாரிப்பார். நான் மேலே சொன்ன பஸ் கவர் இல்லை, பிரஸ் மீட் முடிந்து கையில் திணிக்கிற கவர். எங்கள் காலத்துப் பகுதிநேர நிருபர்கள் பலர் பேப்பர் ஏஜென்டாகவும் இருந்தார்கள், கண்ணீர் அஞ்சலி விளம்பரமும் சேர்மன் பிறந்தநாள் விளம்பரமும் பிடித்து அதன் கமிஷனில்தான் குடும்பம் நடத்தினார்கள். காலையில் சேர்மனைப் பற்றிப் புகார்ச் செய்தி எழுதிவிட்டு மத்தியானம் அவரிடமே போய் கால் பக்க விளம்பரம் கேட்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்தது நிர்வாகம், கெட்ட பெயர் மட்டும் நிருபருக்கு. அப்பா இதில் எங்கே நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கமிஷன் வாங்கியிருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை, அது ஆபீஸ் கொடுத்த கமிஷன்.

சட்டத்தில் ஒரு விசேஷம் இருந்தது. 2025 வரை இருந்த 1955-ஆம் வருஷத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், யார் பத்திரிகையாளர் என்று ஒரு பட்டியலே போட்டது. ஆசிரியரில் ஆரம்பித்து நிருபர், கார்ட்டூனிஸ்ட், போட்டோகிராபர் என்று போய் புரூஃப் ரீடர் வரை வந்தது. பின்னால் பகுதிநேரமும் சேர்ந்தது. ஆனால் ‘முதன்மைத் தொழில்’ பத்திரிகையாக இருக்க வேண்டும் என்ற ஒரு வார்த்தையும் கூடவே இருந்தது. லைனேஜ் காசில் யாரும் சாப்பிட முடியாது, அதனால் ஒருவர் டீக்கடை வைத்திருப்பார், ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஒருவர் டியூஷன் வாத்தியார். அந்த ஒரு வார்த்தையில் அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள். நியமன ஆணை கிடையாது, பிஎஃப் கிடையாது. இன்றைக்கு டிவிக்கு மைக் பிடிக்கிற பையன்களுக்கும் பல இடங்களில் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்குதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று செல்போனைத் தலைக்கு மேல் பிடித்துப் படம் அனுப்பினார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். மழைக்கும் சென்டிமீட்டர், எங்கள் செய்திக்கும் சென்டிமீட்டர் என்று அன்றைக்குத் தோன்றியது, அசட்டுத்தனமாக.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பரணில் தேடுங்கள். லைனேஜ் தாளுக்கு கார்பன் காப்பி எடுத்து வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, உங்கள் அப்பா வைத்திருந்தால் அது தங்கம். அடையாள அட்டை, ஏஜென்சி ரசீது, ஆபீசிலிருந்து ‘இந்தச் செய்தியை ஏன் அனுப்பவில்லை’ என்று வந்த போஸ்ட் கார்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவர் எழுதியதில் ஊர் மறக்காத செய்திகள் ஐந்தாறை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, மாதமும் வருஷமும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு நாட்டில் வெளியாகிற பத்திரிகைகளைச் சட்டப்படி அனுப்ப வேண்டும், அங்கே பழைய இதழ்களைப் பார்க்கலாம். ஆனால் நெல்லைப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சென்னைப் பதிப்பில் அம்பாசமுத்திரம் வராது. அப்புறம், அரசின் பத்திரிகையாளர் ஓய்வூதியத்துக்கு இதே காகிதங்களை வைத்து விண்ணப்பம் போடுங்கள். விருதைவிட அதற்கு அலைவது பிரயோஜனம். பணிச் சான்று தர மாட்டேன் என்று ஆபீசில் இழுத்தடித்தால் எனக்கு எழுதுங்கள், அங்கே இன்னும் இரண்டொருவரை எனக்குத் தெரியும்.

‘வாங்கிய விருதுகள்’ என்ற இடத்தில் நூலகத்துப் பொன்னாடையை எழுதுங்கள், வருஷத்தோடு. தம்பியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வருகிறேன், கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து தருகிறேன். அதற்குள் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அனுப்ப முடியாது, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் விண்ணப்பதாரர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்குமே.