நானோ வெள்ளி ஃபில்டர் போதுமா? நானோ பவுடர் ஆபத்தா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மற்ற நாட்களில் போர்வெல், கோடையில் டேங்கர். போன வாரம் ஃபில்டர் விற்க வந்தவர் எங்கள் போர்வெல் தண்ணீரில் கம்பி வைத்த ஒரு கருவியை விட்டு ஸ்விட்ச் போட்டார். தண்ணீர் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. “நானோ சில்வர் ஃபில்டர் போட்டால் உப்பு, கிருமி, மெட்டல் எல்லாம் போய்விடும், ஆர்.ஓ. தேவையில்லை” என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. வெள்ளி உடம்பில் சேராதா? இன்னொன்று, என் தம்பி பீன்யாவில் ஒரு பெயின்ட் யூனிட்டில் நானோ டைட்டானியம் பவுடர் கலக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறான். அது ஆபத்தா சார்?

பதில்: நானோ வெள்ளி கிருமியைக் குறைக்கும், உப்பை எடுக்காது. மெல்லிய படலத்தால் உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் தண்ணீரின் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும், விற்பவர் அல்ல. குழந்தையைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. உண்மையில் நான் கவலைப்படுவது தம்பியைப் பற்றித்தான்.

அந்தக் கம்பி வித்தையை முதலில் பார்த்துவிடுவோம். இந்த ஊர் அபார்ட்மென்ட்களில் இது பழைய வித்தை. கருவியில் இருப்பவை பொதுவாக இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து ஹைட்ராக்சைடாக மாறி, பச்சையும் பழுப்புமாகத் திரளும். அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். அப்படியானால் அவர் பாட்டிலில் இருந்தது ஆர்.ஓ. தண்ணீராகவோ காய்ச்சி வடித்த நீராகவோதான் இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை வந்தால், அவருடைய நானோ ஃபில்டரில் உங்கள் போர்வெல் தண்ணீரையே ஊற்றி, வடிந்து வருவதில் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். ஆர்.ஓ. தேவையில்லை என்று சொல்ல ஆர்.ஓ. தண்ணீரையே சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறார் மனிதர்!

சரி, நானோ வெள்ளி என்னதான் செய்கிறது? ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஏதாவது ஒரு பக்கமாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும் பொருளை நானோ பொருள் என்கிறோம். அந்த அளவுக்கு வரும்போது முதலில் மாறுவது மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், அத்தனை துண்டுகளின் மேற்பரப்பும் சேர்ந்து 6,000 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட 30×40 சைட்டுகள். பொருள் அதே அளவுதான். வெள்ளிக் குத்துவிளக்கில் பெரும்பாலான அணுக்கள் உள்ளே புதைந்து சும்மா கிடக்கின்றன. நானோ வெள்ளியில் கணிசமான பங்கு வெளியே நின்று தண்ணீரைத் தொடுகிறது. அங்கிருந்து வெள்ளி அயனிகள் மெல்லக் கரைந்து பாக்டீரியாவின் உறையையும் புரதங்களையும் தாக்குகின்றன. கொஞ்சம் வெள்ளியே நிறைய வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

மேற்பரப்போடு நிற்பதில்லை, நிறமும் மாறும். தங்கத்தை நானோ அளவில் தண்ணீரில் மிதக்கவிட்டால் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். வெள்ளி மஞ்சளாகிவிடும். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுகிற விதம், துகளின் அளவையும் வடிவத்தையும் பொறுத்து மாறுவதால் வருகிற விளைவு இது.

நானோ என்று மட்டும் சொன்னால் அளவு தெரிந்தது, பொருள் தெரியவில்லை. வெள்ளி, தங்கம் போன்ற உலோகத் துகள்கள் உண்டு. துத்தநாகம், டைட்டானியம், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் உண்டு. கார்பனில் மட்டும் உருண்டை வடிவ ஃபுல்லரீன், குழாய் வடிவ நானோடியூப், ஒற்றை அணுத் தடிமன் தாளான கிராஃபீன் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. கொரோனா தடுப்பூசிகளில் மருந்தைச் சுமந்து போனவை கொழுப்பு நானோ துகள்கள். டிவி திரைகளில் நிறம் தரும் குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒன்றின் குணத்தை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது, ஆபத்தையும்தான்.

உப்புக்கு வருவோம். பாக்டீரியா ஒரு செல். அதற்கு உறை உண்டு, வெள்ளி அதைத் தாக்க முடியும். கால்சியமும் மெக்னீசியமும் அயனிகளாகக் கரைந்து கிடப்பவை. கொல்ல அங்கே உயிரும் இல்லை, தடுக்கிற அளவுக்குச் சல்லடையும் இல்லை. பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடும் தண்ணீர், நானோ வெள்ளியைத் தாண்டி வந்த பிறகும் அதே படலத்தை விடும். இன்னும் ஒரு சங்கடம், போர்வெல் தண்ணீரில் குளோரைடு அதிகமாக இருந்தால் அது வெள்ளி அயனிகளைப் பிடித்து வெள்ளி குளோரைடாக்கிவிடும். கிருமியைக் கொல்லும் வேலையிலும் வேகம் குறையும்.

உலோகத்தை எடுக்கும் நானோ பொருட்கள் இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் குழு உருவாக்கிய இரும்பு ஆக்சைடு வகைப் பொருள் ஆர்சனிக்கைப் பிடிக்கிறது. அதே குழு முன்னதாக உலோக நானோ துகள்களைக் கொண்டு பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் ஃபில்டரும் செய்தது. 2009-ல் வந்த டாடா ஸ்வச், உமிச் சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றிய ஃபில்டர்; அது கிருமிக்காக. பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கார்ட்ரிட்ஜ் எடுக்கும் என்று யாராவது சொன்னால், எந்தப் பொருள், எதற்கு எதிராகச் சோதித்தது, எத்தனை லிட்டர் வரை தாங்கும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் தாளில் பதில் இல்லையென்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவர் வேண்டாம் என்கிற ஆர்.ஓ.தான் நானோ பெயருக்கு அதிகத் தகுதி உள்ளது. உப்பைத் தடுக்கும் அந்தப் படலத்தின் மேல்தோல் சுமார் 100 நானோமீட்டர் தடிமன்தான். ஆனால் பெட்டியில் யாரும் ‘நானோ’ என்று போட்டுக்கொள்வதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. காவேரித் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் அளவு) 200-க்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் முறையே 2,000, 600 வரை ஏற்கலாம். நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது, இதில் சலுகையே கிடையாது. சிறு குழந்தை இருப்பதால் நைட்ரேட் எண்ணைத்தான் முதலில் பாருங்கள். அதை வெள்ளி எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும், அவ்வளவுதான். கையடக்க டி.டி.எஸ். பேனா மின்கடத்தலை மட்டும் பார்த்து எண் சொல்லும். கிருமியும் தெரியாது, நைட்ரேட்டும் தனியாகத் தெரியாது.

என்னைக் கேட்டால், காவேரி வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். அறிக்கை சரியாக இருந்தால் அதற்குக் கொதிக்க வைப்பதோ புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் ஒரு யு.வி. ஃபில்டரோ போதும், ஆர்.ஓ. செலவு வேண்டாம். போர்வெல்லையும் டேங்கரையும் குடித்தே ஆக வேண்டும் என்றால்தான் ஆர்.ஓ. டேங்கர் தண்ணீர் லோடுக்கு லோடு வேறு போர்வெல்லிலிருந்து வரலாம். ஒரு லோடைச் சோதித்து அடுத்ததை நம்ப முடியாது.

வெள்ளி உடம்பில் சேருமா? குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருக்கலாம் என்பது நம் தரம். உலக சுகாதார நிறுவனமும் அந்த அளவைத் தாங்கலாம் என்றே சொல்கிறது. துகள்கள் கார்பனிலோ பீங்கானிலோ ஒட்டவைக்கப்பட்டிருந்தால் வடிந்து வருவது மிகக் கொஞ்சம். வெளிவரும் தண்ணீரில் வெள்ளி எவ்வளவு என்ற அறிக்கையைக் கேளுங்கள், புதுக் கார்ட்ரிட்ஜில் முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆனால் வெள்ளித் துகள் மிதக்கும் நீரை ‘கூழ்ம வெள்ளி’ என்று பாட்டிலில் விற்பதை எதிர்ப்புச் சக்திக்காகக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நீலச் சாம்பலாகியிருக்கிறது, அந்த நிறம் திரும்ப மாறுவதில்லை.

இப்போது தம்பி. சுவரில் காய்ந்த பெயின்ட்டில் துகள் கட்டுண்டு கிடக்கிறது, பயமில்லை. தம்பி கலக்கும் பவுடர் டைட்டானியம் டை ஆக்சைடு; முகத்தில் தடவும் சன்ஸ்கிரீனிலும் இதே பொருள் உண்டு. ஆரோக்கியமான தோலைத் தாண்டிப் பெரிதாக உள்ளே போவதில்லை. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும் தூசி வேறு விஷயம், நுரையீரலின் கடைசி அறை வரை போகும். எலிகளில் கிடைத்த சான்றை வைத்து, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை டைட்டானியம் டை ஆக்சைடை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 2011-ல் பரிந்துரைத்த வரம்பு, சாதாரணத் துகளுக்குக் கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3. அதே பொருள், எட்டு மடங்கு கடுமை.

முதலில் அது உண்மையிலேயே நானோவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயின்ட்டை வெள்ளையாக்கும் வழக்கமான டைட்டானியம் 200 முதல் 300 நானோமீட்டர். நானோ ரகம் அதைவிட மிகச் சிறியது. ஒளியை அவ்வளவாகச் சிதறடிக்காது, பூசினால் வெள்ளை தெரியாது. அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளில் துகள் அளவு போட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். அதைக் கேட்பது தொழிலாளியின் உரிமை, கேட்கத் தயங்க வேண்டாம்.

எதுவானாலும் கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் உதவாது. முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 உதவும். மிகச் சிறிய துகள் சல்லடையில் நழுவிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை தாறுமாறாக அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்வதால் நன்றாகவே பிடிபடுகின்றன. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும், எடுக்கச் சொல்லுங்கள். பவுடரைக் கொட்டும் இடத்தில் தூசியை இழுக்கும் உறிஞ்சி இருக்க வேண்டும். முடிந்தவரை ஏற்கெனவே திரவத்தில் கலந்து வரும் பேஸ்ட்டாக வாங்கச் சொல்லி முதலாளியிடம் பேசலாம், அது எல்லோருக்கும் நல்லது. தரையில் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, காற்றுக் குழாயால் ஊதவே கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வேலை உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு வரட்டும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதே சட்டையோடு வந்து தூக்கிக் கொஞ்ச வேண்டாம், அந்தத் துணியைத் தனியாகவே துவையுங்கள்.