லிவியா இல்லை, யூலியா தோம்னா

வணக்கம். உங்கள் வெள்ளிக் காசில் 'யூலியா அவுகுஸ்தா' என்று இருப்பதால் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவா என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் நியாயம்தான், கி.பி. 14இல் கணவர் இறந்தபின் லிவியாவுக்கும் அதே பெயர். ஆனால் இது பிற்காலப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் மனைவி, சிரியாவில் பிறந்த யூலியா தோம்னா.

படத்தில் தலைமுடியைப் பாருங்கள். வரிவரியாக அலைபாய்ந்து இறங்கி, பின்னந்தலையில் பெரிய கொண்டையாக முடிகிறது, கிட்டத்தட்ட தலைக்கவசம் மாதிரி! லிவியா என்றால் நடுவகிடு, பிடரியில் சின்ன முடிச்சு, அவ்வளவுதான்.

எழுத்தே காலத்தையும் சொல்லிவிடும். ஆரம்பக் காசுகளில் 'தோம்னா' என்ற பெயரும் வரும். 211இல் மகன்கள் ஆட்சிக்கு வந்தபின் 'பியா ஃபெலிக்ஸ்' என்ற பட்டம் சேரும். இரண்டும் இல்லாததால் உங்களுடையது 196-211. பின்பக்கம் மயிலோடு நிற்பவள் ரோமக் கடவுள்களின் அரசி யூனோ. பேரரசிக்குப் பொருத்தமான தெய்வம்.

லிவியாதான் வேண்டுமென்றால் அவருடைய மகன், பேரரசர் திபேரியஸின் வெள்ளிக் காசைத் தேடுங்கள். பின்பக்கம் பெயரில்லாமல் அமர்ந்திருக்கும் பெண்ணை லிவியா என்றே பலரும் சொல்வார்கள். நம் கோவை வட்டாரப் புதையல்களிலேயே அந்தக் காசு கிடைத்திருக்கிறது.

அப்புறம், பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.