சிரோசிஸ் நோயாளிக்கு எம்.ஆர்.ஐ: எதைக் கேட்டு எடுக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. இரண்டு வருடத்துக்கு முன் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) உறுதியானபோது, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 24 வந்தது. இப்போது வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் 1.8 செ.மீ. கட்டி தெரிவதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் எலாஸ்டோகிராபியும் சேர்க்கலாமா என்கிறார்கள். தேவையா? எப்படித் தயாராவது?

பதில்: எலாஸ்டோகிராபிக்கு இப்போது செலவழிக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதே வலப்பக்க விலாவின் மேல் தட்டு ஒன்றை வைத்து, விநாடிக்கு 60 முறை அதிரவைத்து, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் முறை அது. தழும்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு அருமையான சோதனை. அப்பாவுக்கோ சிரோசிஸ் என்று முன்பே தெரியும். இதற்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கும் அலகு கிலோபாஸ்கல்தான் என்றாலும், எம்.ஆர்.ஐ. எலாஸ்டோகிராபி எண் ஃபைப்ரோஸ்கேன் எண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். 24 என்பது 7 ஆகிவிட்டது, குணமாகிவிட்டது என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் 5-ஐத் தாண்டினாலே பெரும்பாலும் சிரோசிஸ்தான்.

இப்போதைய கேள்வி அந்தக் கட்டி. அதற்கு வேண்டியது கான்ட்ராஸ்ட் ஊசியுடன் (ரத்த ஓட்டத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்து) பல கட்டங்களாக எடுக்கும் கல்லீரல் எம்.ஆர்.ஐ. சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் ‘அப்டமன்’ போதாது. ஊசிக்கு முன் ஒரு முறை, ஊசி போட்டபின் சுமார் 35 விநாடியில், 70 விநாடியில், 3 நிமிடத்தில் என்று படம் எடுப்பார்கள். கல்லீரல் புற்றுநோய்க் கட்டி தமனி ரத்தத்தையே பெரிதும் உறிஞ்சுவதால் முதலில் பளிச்சிட்டு, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துவிடும். சிரோசிஸ் உள்ளவருக்கு 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியில் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், ‘லைராட்ஸ் 5’ என்று அறிக்கை வரும். லைராட்ஸ் என்பது கட்டி கல்லீரல் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பைத் தரம் பிரிக்கும் முறை; 5 என்றால் ஏறக்குறைய உறுதி. பெரும்பாலும் பயாப்ஸி (ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே சிகிச்சையை முடிவு செய்யலாம்.

ஸ்கேன் கெடுவது பெரும்பாலும் மூச்சால்தான். ஒவ்வொரு கட்டத்திலும் 15 முதல் 20 விநாடி மூச்சடக்க வேண்டும்; வயிறு நிறைய நீர் இருந்தால் முடியாது. முக்கியமான 35-ஆவது விநாடிப் படம் கலங்கிவிட்டால், அந்த ஊசிக்கு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே முன்கூட்டியே நீரை எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் ஏற்ற வேண்டும். வீட்டிலேயே, மூச்சை வெளியே விட்டு அடக்கிப் பழகட்டும். 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) மெஷின்தான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நீர் கோத்த வயிற்றில் அதில் கறுப்பு நிழல் விழும், 1.5 டெஸ்லா தெளிவாக வரும்.

ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) 3-க்கு மேல் இருந்தால், கல்லீரல் செல் உறிஞ்சும் விலை கூடிய கான்ட்ராஸ்டால் பெரிய பயன் இல்லை, சாதாரண கடோலினியம் ஊசியே போதும். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். சிறுநீரக வடிகட்டும் அளவு 30-க்குக் கீழ் இருந்தால் ஊசி வகையை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்கு மணி நேரம் வெறும் வயிறு போதும். சிரோசிஸ்காரர் அதற்கு மேல் பட்டினி கிடக்கக் கூடாது. காலை முதல் நேரத்தை வாங்கி, முதல் நாள் இரவு படுக்குமுன் ஏதாவது சாப்பிட வையுங்கள். குழப்பமோ அரைத்தூக்கமோ இருந்தால் தேதியைத் தள்ளுங்கள். தூக்க ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்றால், கல்லீரல் மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூளைக் குழப்பத்தை அது தூண்டிவிடும். பேஸ்மேக்கரோ, எண்டோஸ்கோபியில் போட்ட உலோகக் கிளிப்போ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறிக்கையில் ‘லைராட்ஸ் 3’ என்றால் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் மறு ஸ்கேன். ‘4’ என்றால் காத்திருக்காமல் கல்லீரல் நிபுணர் குழுவிடம் படத்தின் சி.டி.யோடு போங்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா இல்லையா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்; எந்தச் சிகிச்சை என்பதையே அது மாற்றிவிடும்.