ஐம்பது தகடுகளில் எது?

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். செப்பைத் தூய்தாக்கும் ஆலைகளில் நூற்றுக்கணக்கான மின்பகுப்புத் தொட்டிகளைக் கணினி கண்காணிக்கிறதாம். தொட்டிகள் தொடராக இணைந்திருந்தால் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தானே? ஓர் அம்பியர்மானி போதாதா? இப்படியோர் ஆலையே இல்லாத வன்னியில் இதைப் படித்து என்ன பயன் என்று நண்பர்களும் கேட்கிறார்கள்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

ஒரே மின்னோட்டம்தான். அதனால்தான் அம்பியர்மானி எந்தத் தொட்டியையும் காட்டிக்கொடுக்காது. ஒரு தொட்டிக்குள் கதோட்டுகள், அதாவது தூய செப்பு படியும் தகடுகள், ஐம்பது வரை சமாந்தரமாகத் தொங்கும்; அவற்றுக்கு எதிரே அனோட்டுகள், அதாவது கரையும் தூய்மையற்ற செப்புத் தகடுகள். ஒன்றில் முளைத்த செப்பு முடிச்சு எதிரேயுள்ள அனோட்டைத் தொட்டால் குறுஞ்சுற்று. மொத்த மின்னோட்டம் மாறாது. அதில் ஒரு பங்கு செப்பைப் படியவைக்காமல் முடிச்சு வழியே வெறும் வெப்பமாகிப் போய்விடும். பரடேயின் விதிப்படி ஓர் அம்பியர் மணித்தியாலத்துக்கு 1.186 கிராம் செப்பு படியவேண்டும். 20,000 அம்பியர் ஓடும் தொட்டியில் நாளுக்கு ஏறத்தாழ 569 கிலோ. ஐந்து சதவீதம் கசிந்தால் 28 கிலோ போயிற்று, அதுவும் ஒரே தொட்டியில்.

நலமான தொட்டியின் வோல்ற்றளவு 0.3 வோல்ற்று அளவில் இருக்கும். குறுஞ்சுற்று அதைத் தாழ்த்தும். கணினி தொட்டிதோறும் பார்ப்பது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், ஐம்பதில் ஒன்று தொட்டால் வீழ்ச்சி மிகச் சிறியது. கரைசலின் வெப்பநிலை மாறினாலும், அனோட்டு கரைந்து மெலிந்தாலும் வோல்ற்றளவு அசையும். ஆகவே ஒரு கணத்து அளவை நம்பாமல் அது போகும் போக்கையும் பக்கத்துத் தொட்டிகளையும் ஒப்பிடவேண்டும். தொட்ட தகடு எதுவென்று கண்டுபிடிக்க, அது தொங்கும் சட்டத்தின் காந்தப்புலத்தை அளக்கும் உணரிகளும், சூடேறிய சட்டத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கமராக்களும் உதவுகின்றன. முன்பு தொழிலாளர்கள் கையில் காந்தமானியுடன், அமில ஆவிக்கு மேலே, தொட்டிகளின்மீது நடந்தே தேடினார்கள். அந்த நடையைக் குறைக்காமல் எச்சரிக்கை மணியை மட்டும் பெருக்கும் கணினியை நான் மதிக்கமாட்டேன்.

வன்னிக்கு வருவோம். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் சேரும் செப்புக் கம்பியும் எங்கோ உருகி அனோட்டாகி இப்படியொரு தொட்டியில் இறங்கக்கூடும். அந்தக் கம்பியின் பிளாஸ்ரிக் உறையைத் திறந்தவெளியில் எரிப்பவர்களைத் தயவுசெய்து தடுங்கள்; அந்தப் புகை நஞ்சு.

உங்கள் நண்பர்களுக்கு இன்னும் அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 48 வோல்ற்றுச் சூரியமின் தொகுதியில் இரண்டு வோல்ற்று ஈய-அமிலக் கலங்கள் இருபத்துநான்கு தொடராக நிற்கும். மொத்தம் சரியாகத் தெரியும்போதே ஒன்று நோயுற்றிருக்கலாம். மின்னேற்றும்போதும் சுமை ஓடும்போதும் கலம் கலமாக அளந்து, வாராவாரம் எழுதி, போக்கை வரையுங்கள். பிறகு அதையே செய்யும் ஒரு சிறு கருவியைக் கட்டுங்கள். வரைபுகளை எனக்கு அனுப்பினால் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணா