சீனி, பிரஷர் குளிசை போடுறன், பாலைவனத்தில நடக்க ஏலுமோ டொக்டர்?

கேள்வி: நான் கிளிநொச்சிப் பக்கம், வயசு 61. சீனியும் பிரஷரும் இருக்கு. மெற்போமின், கிளிக்கிளசைட், லொசார்ட்டன், அதோட சலம் போறதுக்கு எண்டு தந்த ஹைட்ரோகுளோரோதயசைட்டும் போடுறன். வலது முழங்கால் நோ. இடது காலில சண்டை நேரம் பட்ட செல் பீஸ் இருக்கு, அந்தப் பாதம் விறைச்ச மாதிரித்தான். மகன் கலிபோர்னியாவில, ஜூலை லீவுக்கு வாங்கோ எண்டு நிக்கிறார், ஜோசுவா ட்ரீ எண்ட பாலைவனப் பார்க்கில பாறையளும் கள்ளியளும் பாத்துக்கொண்டு சின்னச் சின்ன நடை நடக்கலாமாம். வன்னி வெயிலில வயல் செய்த எனக்கு அந்த வெயில் என்ன செய்யும்? மருமகள்தான் பயப்பிடுறா.

பதில்: அம்மா, போங்கோ, கட்டாயம் போங்கோ, ஆனா ஜூலையில வேண்டாம். உங்கட மருமகள் பயப்பிடுறது சரி. அங்க ஜூலை ஓகஸ்ட்டில பகல் 38 பாகைக்கு மேல சாதாரணமாப் போகும், நிழல் எண்டு சொல்ல பெரிசா ஒண்டுமில்லை. காலபோக விதைப்பை முடிச்சிட்டு நவம்பரில வெளிக்கிடுங்கோ, நவம்பர் கடைசியில அங்க பள்ளிக்கூடத்துக்கும் நாலைஞ்சு நாள் லீவு வரும், பேரப்பிள்ளையளோடயே போகலாம். அந்த நேரம் பகல் இதமா இருக்கும், இரவில குளிர் நல்லா இறங்கும், ஸ்வெட்டர் ஒண்டு கட்டாயம்.

வன்னி வெயில் பழகின உடம்பு எண்டு நீங்க நம்புறதுதான் எனக்குப் பயம். எங்கட வெக்கையில வேர்வை ஒழுகும், சட்டை நனையும், உடன நிழலுக்குப் போய் தண்ணி குடிப்பீங்கள். அங்க காத்து சரியான வறட்சி, கச்சான் காத்தில கொடியில போட்ட உடுப்பு மாதிரி வேர்வை வந்த உடன காஞ்சிடும், எனக்கு வேர்க்கேல்லையே எண்டு நினைச்சுக்கொண்டு நடப்பீங்கள், உடம்பில தண்ணி இறங்கிக்கொண்டே இருக்கும். வயசு போகப் போக தாகமும் குறையும். அதுக்கு மேல உங்கட குளிசை ஒண்டு தண்ணியையும் உப்பையும் சலத்தால வெளியேத்துது, லொசார்ட்டன் போடுற ஆக்களுக்கு உடம்பு வறண்டா பிரஷர் சட்டெண்டு இறங்கி தலைச்சுத்தும், சிறுநீரகமும் அடி வாங்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு குடும்பங்களை அலைக்கழிச்சது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனபடியா டிக்கெட் போட முதல் ரத்தத்தில கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுறது), சோடியம், பொட்டாசியம் மூண்டையும் பாத்து, கிளினிக் டொக்டரிட்ட நடக்கிற நாளில இந்தக் குளிசையளை எப்பிடிப் போடுறது எண்டு கேட்டு எழுதி வாங்குங்கோ. நீங்களா நிப்பாட்ட வேண்டாம். பயணத்தில சத்தி, வயித்தோட்டம் வந்தா எந்தக் குளிசையைத் தற்காலிகமா நிப்பாட்ட வேணும் எண்டதையும் அப்பவே கேளுங்கோ, ஏனெண்டா மெற்போமினும் அந்த நேரம் கூடாது.

இன்னொண்டு, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்றது. முழங்கால் நோ எண்டு பார்மசியில டைக்குளோபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்கப் போகாதேங்கோ. லொசார்ட்டன், சலம் போற குளிசை, டைக்குளோபெனாக் மூண்டும் ஒண்டாச் சேர்ந்து, உடம்பும் வறண்டிருந்தா சிறுநீரகம் ஒரேயடியா விழலாம். பனடோல் போதும், ஒரு ஊண்டுதடியும் கொண்டு போங்கோ.

தண்ணி: பார்க்குக்குள்ள அனேகமான இடத்தில தண்ணி கிடையாது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீட்டர் எண்டு வாகனத்தில ஏத்துங்கோ. அதுக்காக ஒரேயடியா வெறும் தண்ணியை மண்டக் கூடாது, உங்கட குளிசையோட சோடியம் இறங்கி மயக்கம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சு, இடையில உப்பு பிஸ்கட் ஏதும் சாப்பிடுங்கோ. ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) பக்கற் ரெண்டு பையில இருக்கட்டும், ஆனா அதில உப்பும் இருக்கு குளுக்கோசும் இருக்கு, சும்மா குடிக்கிற பானமில்லை, நல்லாக் களைச்சு தசை பிடிச்சா மட்டும். சலம் கடும் மஞ்சளாப் போனா நடையை நிப்பாட்டுங்கோ. கிளிக்கிளசைட் போட்டிட்டு சாப்பிடாம நடந்தா சீனி இறங்கும், கை நடுங்கும், அப்ப வாயில போட ரொபியோ குளுக்கோசோ பொக்கற்றில வேணும். சீனி பாக்கிற ஸ்ட்ரிப்பை காருக்குள்ள விட்டிட்டுப் போகாதேங்கோ, வெக்கையில பழுதாகிடும்.

எங்க நடக்கிறது எண்டா, முதல் நாள் கப் ரொக். சுத்தி வர 650 மீற்றர் அளவுதான், மட்டமான பாதை, பெரிய பெரிய கருங்கல்லுப் பாறையள் உருட்டி அடுக்கின மாதிரி நிக்கும், அந்தக் கல்லுகளுக்கு 10 கோடி வருசத்துக்கு மேல வயசு. அது சுகமா முடிஞ்சா அடுத்த நாள் ஹிடன் வலி, 1.6 கிலோமீற்றர், சுத்திவரப் பாறைச் சுவர், இடையில கல்லுப் படி ஏற வேண்டி வரும், முழங்காலைப் பாத்துக்கொள்ளுங்கோ. ஸ்கல் ரொக் பாறையை றோட்டோரத்திலயே நிண்டு பாக்கலாம், அதுக்கு நடக்கத் தேவையில்லை. போய் இறங்கின உடனயும் வெளிக்கிடாதேங்கோ, அங்கத்த நேரம் எங்களை விட 13 மணித்தியாலத்துக்கு மேல பிந்தினது, நித்திரையும் குளிசை நேரமும் சரியாக ரெண்டு மூண்டு நாள் வேணும்.

சோயா கள்ளித் தோட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 400 மீற்றர்தான், காலமை வெயிலில கள்ளியெல்லாம் பொன்னா மினுங்கும், பாருங்கோ, ஆனா உங்கட இடது கால் காரணமா நான் கூடப் பயப்பிடுறது அங்கதான். எங்கட நாகதாளி மாதிரி பேசாம நிக்காது, லேசாத் தட்டினாலே துண்டு கழண்டு காலில ஒட்டிடும், முள்ளுக்கு பின்பக்கம் பாத்த கொளுக்கி இருக்கு. விறைச்ச பாதத்தில குத்தினாத் தெரியாது, சீனிக்காரருக்கு அந்தச் சின்னப் புண்ணே பிறகு விரலை எடுக்க வைக்கும். அதால செருப்பு வேண்டவே வேண்டாம், மூடின சப்பாத்து, தடிச்ச மேஸ், நீளக் காற்சட்டை. ஒட்டினா கையால பிடிச்சு இழுக்காம ஒரு சீப்பை அடியில குடுத்து தட்டி விடச் சொல்லுங்கோ, மிச்ச முள்ளைச் சின்னக் குறட்டால எடுக்கலாம். பின்னேரம் ரெண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரைக்கும் மகனைக் கொண்டு பாப்பியுங்கோ, வெக்கப்படாதேங்கோ. சிவந்து வீங்கினா அண்டைக்கே டொக்டர். ஏற்பூசி (ரெட்டனஸ் ஊசி) போட்டு 10 வருசம் தாண்டியிருந்தா இங்கயே போட்டிட்டுப் போங்கோ.

மகனுக்கு ஒரு சொல்லு. பார்க்குக்குள்ள அனேகமா போன் சிக்னல் இல்லை, எங்க போறீங்கள் எண்டதை வீட்டில சொல்லிப்போட்டுப் போங்கோ. அம்மா தலையிடி, சத்தி வாற மாதிரி எண்டா நிழல், ஏசி, தண்ணி, அண்டைக்கு நடை முடிஞ்சுது. அம்மா மாறாட்டமாக் கதைச்சா, நடை தள்ளாடினா அது வெப்பத் தாக்கம், முதல் வேலையா உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறுங்கோ, ஆள் வடிவா முழிப்பில்லாட்டி வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ, சிக்னல் கிடைச்ச உடன 911 எண்ட அவசர நம்பருக்கு அடியுங்கோ. கையில சீனி மெஷின் இருந்தா அதையும் பாருங்கோ, சீனி இறங்கினாலும் இப்பிடித்தான் இருக்கும்.

ரத்த ரிப்போட் வந்த பிறகு எனக்கு ஒருக்கா எழுதுங்கோ அம்மா, கிரியேட்டினினைப் பாத்திட்டு மிச்சத்தைச் சொல்றன்.